கண்ணை மூடு, பிறகு எழுது

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்குகிறீர்கள். நான் வெள்ளிக்கிழமையோடு போய்விடுகிறேன். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் இந்த ஸ்டாஃப் ரூமைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்ற ஆள், ஆகவே அறிவுரை சொல்லும் உரிமை வந்துவிட்டது. கேட்டுத்தான் ஆகவேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் வேகமாக அடிக்கிறேன். எழுத்துப்பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள். அதற்குத்தானே சம்பளம் தரப்போகிறார்கள்.

பாடத்திட்டம், நேரசூசி, புள்ளி போடும் முறை எல்லாம் அதிபர் சொல்லுவார். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது ஒரு காலைப்பொழுதையும் அதற்குப் பிறகு நடந்ததையும்தான். இந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று தெரியாததால் ஊரின் பெயரை எழுதமாட்டேன். வாவிக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். யோகா என்று நான் கூப்பிடப்போகும் பிள்ளையின் பெயரும் யோகா இல்லை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு வந்தபோது ஆங்கிலம் என் தகப்பன் எழுதிவைத்த காணி மாதிரி நடந்துகொண்டேன். முதல் வாரமே பத்தாம் வகுப்பிடம், "உனக்குப் பிடித்த ஒரு இடத்தை வர்ணித்து எழுது" என்றேன். எழுதினார்கள். எல்லாரும் ஒன்றையே எழுதினார்கள். "மை வில்லேஜ் இஸ் அ பியூட்டிஃபுல் வில்லேஜ்" என்று தொடங்கி, ஊர் நடுவே ஓர் ஆறு, அதற்குப் பின்னால் ஒரு மலை, காலையில் பாடிக்கொண்டு வயலுக்குப் போகும் கமக்காரர்கள். எங்கள் ஊரில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. வாவி இருக்கிறது. கமக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த வருடங்களில் ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல் வயலுக்குப் போகமுடியாது, போனவர்கள் யாரும் பாடவில்லை.

விசாரித்ததில், கட்டுரை அதிபருடையது. அவர் முன்னாள் ஆங்கில ஆசிரியர். வருடாவருடம் அதையே சொல்லச்சொல்ல எழுதுவித்துப் பாடமாக்கச் செய்திருக்கிறார். நேரே அவருடைய அறைக்குப் போனேன்.

"சேர், இந்த ஊரில மலை எங்க இரிக்கு?"

"சோதினையில மலைக்குப் புள்ளி போடுறான், தம்பி. வாவிக்குப் போடுவானோ மாட்டானோ, ஆருக்குத் தெரியும்?"

"புள்ளயள் காணாததையெல்லாம் எழுதுதுகள் சேர்."

"கண்டத எழுதினா வசனத்துக்கு வசனம் பிழை விடுங்கள். பாடமாக்கினதுல பிழை வராது. பள்ளிக்கூடம் பூட்டினாலும் அது தலைக்குள்ள கிடக்கும். பாஸ் பண்ணி ஒரு வேலைக்குப் போகட்டும். நீ வந்து புதுசா ஒண்டும் கிண்டாத."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வருடங்கள் அவை. ஆனால் எனக்கு அப்போது மற்றவர்களின் நியாயம் காதில் விழாத வயது. கிண்டினேன்.

என் முறை லேசானது. "பியூட்டிஃபுல்", "நைஸ்", "வெரி" மூன்றையும் கரும்பலகையில் எழுதி, குறுக்கே கோடு போட்டு, தடை என்றேன். எழுதமுன் எல்லாரும் கண்ணை மூடவேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், செய்து பாருங்கள். கண் திறந்திருந்தால் பிள்ளை பக்கத்துக் கொப்பியைப் பார்க்கும், அல்லது மண்டைக்குள் பாடமாக்கிய பக்கத்தைப் பார்க்கும். காதும் மூக்கும் கொப்பியடிக்காது. கண்ணை மூடு, என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது, பிறகு கண்ணைத் திற, எழுது. படிக்கும் முறையையும் அப்படியே மாற்றினேன். பாடத்தை ஒருதரம் வாசி, புத்தகத்தை மூடு, விளங்கினதை உன் வாயால் பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல். சொல்ல வராத இடத்தை மட்டும் திரும்ப வாசி. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் இரா முழுக்க விளக்கு எரித்துப் பாடமாக்க எந்த வீட்டிலும் வசதி இல்லை. இந்த முறைக்கு விளக்கே தேவையில்லை.

முதலில் சிரித்தார்கள். பிறகு முக்கி முனகி எழுதினார்கள். அரை வருடம் போனதும் சில கொப்பிகளில் வசனங்கள் உயிரோடு நடமாடத் தொடங்கின. யோகாவின் கொப்பி ஓடவே தொடங்கியது. தாய் சந்தையில் கீரையும் மரக்கறியும் விற்பவர். தகப்பன் இல்லை. ஏன் இல்லை என்று அந்த வருடங்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்தப் பிள்ளை என்னைக் கேள்வி கேட்டே கொல்லும். "சேர், வெயில் மணக்குமா?" "மணக்கும் எண்டு நினைச்சா எழுது." "நினைக்கல்ல சேர், மணக்கிது. அதுக்குச் சொல்லுத்தான் இல்ல."

ஒருநாள் நான் கொடுத்த வீட்டுப்பாடத்தின் தலைப்பு, "நீ ஒவ்வொரு நாளும் கடந்துபோகும் ஒரு இடம்." தலைப்பு வெளிநாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றில் இருந்தது. அந்த நாட்டுப் பிள்ளைகள் பூங்காவையோ நூலகத்தையோ கடந்து போவார்கள் போல. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கடந்துபோவது ஆமியின் சென்றிப் பொயின்ட்டை. யோசித்துப் பாருங்கள். ஆமி காவல் நிற்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்து, ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் எழுதி, எழுதியதை அதே காவலுக்குள்ளால் பைக்குள் போட்டுக் கொண்டு வா என்று ஒரு வகுப்புக்கே வேலை கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை, முதலாம் பாடம் இன்னும் தொடங்கவில்லை. யோகாவோடு வரும் இரண்டு பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள்.

"சேர்! யோகாவ ஆமி புடிச்சிற்றான்!"

"பேக்க செக் பண்ணினவன் சேர். கொப்பிய விரிச்சான், ஆரையோ கூப்பிட்டான், மறுகா கேம்புக்குள்ள கூட்டிற்றுப் போயிற்றான்."

"எந்தக் கொப்பி?"

"இங்கிலீசுக் கொப்பி."

அதிபர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையை விட்டு எழும்பினார்.

"வகுப்பில உள்ள எல்லாற்ற கொப்பியையும் எடு. கட்டாக் கொண்டு போவம். எல்லாருக்கும் குடுத்த வீட்டுப்பாடம் எண்டு கண்ணால காணட்டும்."

நல்ல யோசனைதான். அந்த நிமிடத்தில் யாருக்கும் அதுதான் தோன்றும். கொப்பிகளை வாங்கி அவருடைய மேசையில் அடுக்கிவிட்டு, நின்றபடியே புரட்டத் தொடங்கினேன். எடுத்துப் போகமுன் வாசித்தாகவேண்டும் என்று ஏனோ பட்டது. எல்லாரும் சென்றியைத்தான் எழுதியிருந்தார்கள். தார் பீப்பாய், பனங்குற்றி அரண், முள்ளுக்கம்பி, வாலை ஆட்டும் நாய். பிறகு ஒரு பெடியனின் கொப்பி. அவனுடைய வீடு ஊர் எல்லையில், வட்டையைப் பார்த்த மாதிரி. வயல் முடியாமல் விரியும் அந்தப் பக்கம் சென்றி இல்லை. அந்தியில் வரம்பால் நடந்துபோகும் மற்ற ஆட்களை, ஆமி தேடுகிற ஆட்களை, அவன் எழுதியிருந்தான். ஒருவன் நொண்டுகிறான். ஒருவன் தண்ணீர் கேட்டான், குடித்தான், கோப்பையைக் கழுவித் திருப்பித் தந்தான்.

அந்தக் கட்டில் இருந்த ஆகச்சிறந்த வசனம் அதுதான். கோப்பையைக் கழுவித் தந்தான். அது கேம்ப் மேசைக்குப் போனால் அவன் குடும்பம் முடிந்தது. அவன் எழுதினான் என்று மற்றப் பக்கத்துக்குத் தெரிந்தாலும் முடிந்தது.

"சேர், கொப்பி ஒண்டும் கொண்டு போக ஏலா."

அவர் வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத மட்டும் எடுத்து வெச்சிற்று மத்ததக் கொண்டு போனா?"

"வகுப்பில எத்தின புள்ளயள் எண்டு கேப்பான். ஒண்டு குறைஞ்சா அந்த ஒண்டத்தான் தேடுவான்."

"அப்ப என்னத்தக் காட்டப் போறாய்?"

"ஒண்டும் காட்ட இல்ல. நான்தான் போறன்."

இதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பிள்ளையை வெளியே எடுப்பதற்கு இன்னொரு பிள்ளையை மேசையில் வைக்கக்கூடாது. அவசரத்தில் அது உதவி மாதிரித் தெரியும். நெஞ்சு எவ்வளவு அடித்தாலும் கையில் இருப்பதை ஒருதரம் வாசித்துவிட்டு நடங்கள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, தேநீர் வைக்கும் அடுப்புக்குள் போட்டேன். நல்ல எழுத்து எரிவதைப் பார்ப்பது லேசில்லை.

அதிபர் தன்னுடைய டையைத் தேடிக்கொண்டிருந்தார். "நீ நில்லு. நான் போறன்."

"ஏன் சேர்?"

"உன்ட வயசுப் பெடியன் அந்தக் கேற்றுக்குள்ள போனா மறுகா உன்ன ஆரு தேடுற? நான் கிழவன். என்ன வெச்சு அவன் என்ன செய்யிற, சோறு போடுறதா?"

"படிப்பிச்ச ஆள் ஆர் எண்டு கேப்பான். நீங்க மலையையும் ஆத்தையும்தானே சேர் படிப்பிச்ச."

என்னை முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அந்த நேரத்திலும். "வாயி மட்டும் குறையல்ல. சரி, ரெண்டு பேரும் போவம். இரி, இந்த டைய ஒள்ளுப்பம் இழுத்து விடு."

கேம்ப் வாசலில் யோகாவின் தாய் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கீரைக்கூடை நிலத்தில் கிடந்தது. காவல் நின்ற பெடியனோடு தமிழில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் விசயம் விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. என்னைக் கண்டதும் திரும்பினார்.

"சேர், என்னத்த எழுதக் குடுத்தீங்க என்ட புள்ளைக்கு?"

"அக்கா, நான் உள்ளுக்குப் போய்…"

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க. என்னத்த எழுதக் குடுத்தீங்க?"

"ரோட்ட எழுதச் சொன்னன்."

"ரோட்டையா?" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே இருந்து ஒருவன் வந்தான். "இங்கிலிஸ் மாஸ்டர் யார்? ஒராள் மட்டும்." அதிபர் என் முழங்கையைப் பிடித்தார். "பொய் மட்டும் சொல்லாத தம்பி. உனக்குப் பொய் வராது. மூஞ்சில ஒட்டி வெச்ச மாதிரித் தெரியும்."

யோகா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள், பை மடியில், பக்கத்தில் துவக்குப் பிடித்த ஒருவன். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். யாரும் தொடவில்லை என்பதை ஒரு பார்வையில் தேடிப் பார்த்துக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னைவிடச் சில வயது கூடியவர். நல்ல ஆங்கிலம் பேசினார். அவரும் நானும் பேசியதை உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

"இது உங்கள் மாணவி?"

"ஆம்."

கொப்பியைத் திருப்பி ஒரு வசனத்தின் கீழ் விரலை வைத்தார். வாசித்தேன். "மழை வந்தால் எல்லாரும் பனங்குற்றிகளுக்குப் பின்னால் ஓடிவிடுவார்கள், ஒருவன் மட்டும் வீதியில் நனைந்துகொண்டு நிற்பான், ஒவ்வொரு மழைக்கும் அதே ஆள்தான்."

"இதைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்?"

"நான்."

அவர் எதிர்பார்க்கவில்லை போல. நிமிர்ந்தார்.

"மழையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கவனிக்கச் சொன்னீர்களா?"

"எல்லாவற்றையும் கவனிக்கச் சொன்னேன். சோதனையில் வர்ணனைக் கட்டுரை வருகிறது. இவர்கள் காணாத மலையைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். கண்டதை எழுது என்றேன். இவள் இந்த வழியாகத்தான் வருகிறாள், ஆகவே இதைக் கண்டாள்."

"மற்ற மாணவர்களின் கொப்பிகள்?"

"கொண்டுவரவில்லை."

"கொண்டுவரச் சொன்னால்?"

"கொப்பி எதற்கு சேர்? எழுதினவள் இதோ இருக்கிறாள். அவளையே கேளுங்கள்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்கிறேன், மாஸ்டர். பனங்குற்றி எனக்குப் பிரச்சினை இல்லை. குற்றியை வீதியால் போகிற மாடும் பார்க்கிறது. பிரச்சினை இந்த ஆங்கிலம். நானும் கிராமத்துப் பள்ளியில் படித்தவன். பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதாது. வேறு யாரோ எழுதியிருக்கிறார். இவள் காவிக்கொண்டு போகிறாள். யார் எழுதியது, யாருக்குக் கொண்டுபோகிறாள், அதைத்தான் கேட்கிறேன்."

என் வாழ்க்கையில் என் படிப்பித்தலுக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு அதுதான்.

"அவளே எழுதினது. இப்போது எழுதச் சொல்லுங்கள். இங்கேயே."

தாளும் பேனையும் கொடுத்தார். "நீங்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள். தமிழில் ஒரு சொல்லும் பேசக்கூடாது." அவளிடம், "எந்த இடத்தையாவது வர்ணித்து எழுது" என்றார்.

அவள் எழுதினாள். வேகமாக, தலை நிமிராமல். எனக்கு நெஞ்சு ஆறிக்கொண்டு வந்தது. அவர் தாளை வாங்கினார், சத்தமாக வாசித்தார்.

"மை வில்லேஜ் இஸ் அ பியூட்டிஃபுல் வில்லேஜ்."

ஆறு. மலை. பாடிக்கொண்டு போகும் கமக்காரர்கள். அதிபரின் கட்டுரை, ஒரு எழுத்துப் பிசகாமல்.

பயம் வந்தால் பிள்ளை தனக்குத் தெரிந்ததை எழுதாது, தலைக்குள் ஆக ஆழத்தில் கிடப்பதை எழுதும். இதைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் சோதனை மண்டபத்தில் பிறகு காண்பீர்கள். நான் துவக்குப் பிடித்த ஆள் பக்கத்தில் நிற்கக் கண்டேன்.

அதிகாரி கொப்பியையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இதுதான்" என்றார் இரண்டாவதைத் தட்டி. முதலாவதைத் தட்டி, "அப்படியென்றால் இது?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். விளக்கம் சொல்லச் சொல்ல அது பொய்யாகத்தான் கேட்கும். பிள்ளையைப் பார்த்து "பயப்படாதே" என்று சொல்லவும் ஆசைதான். பயப்படாதே என்றால் பயம் இருக்கிறது என்பதுதான் அவளுக்குக் கேட்கும். எனக்கு அங்கே செய்யத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அதைச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

"ஒரு நிமிடம் ஆசிரியராக இருக்கலாமா?"

"ஆங்கிலத்தில்."

மேசைக்குப் போய் அவள் எழுதிய தாளை எடுத்து, அவருடைய பேனையாலேயே குறுக்கே கோடு போட்டேன், வகுப்பில் போடுவது மாதிரி, கொஞ்சம் கோபமாகவே. அதிகாரியின் பேனையைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. தாளை மறுபக்கம் திருப்பி அவள் மடியில் இருந்த பையின்மேல் வைத்தேன்.

"யோகா. தடை செய்த சொல் எழுதியிருக்கிறாய். திரும்ப எழுது. கண்ணை மூடு."

என்னைப் பார்த்தாள். துவக்கைப் பார்த்தாள்.

"கண்ணை மூடு என்றேன். என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது. எங்களுக்குச் சொல்லாதே. எழுது."

அந்த அறையில், அந்த ஆட்களுக்கு நடுவில், அவள் கண்ணை மூடினாள். வகுப்பில் இதற்குக் கொஞ்ச நேரம்தான் எடுக்கும். இங்கே நீண்டுகொண்டே போனது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவளை மட்டும் பார்த்தேன். அவளுடைய மூக்கு மெல்லச் சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, ஒருதரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து எழுதினாள். இந்தமுறை வேகமில்லை. ஒரு சொல்லை வெட்டினாள். இன்னொரு சொல் போட்டாள். அவள் வெட்டின உடனே எனக்கு விளங்கிவிட்டது, வந்துவிட்டாள் என்று. பாடமாக்கினதை யாரும் வெட்டமாட்டார்கள்.

அதிகாரி வாங்கினார். இதையும் சத்தமாகத்தான் வாசித்தார்.

"இந்த அறைக்குப் பின்னால் ஏதோ கருகுகிறது. அது பருப்பு. அடியில் பிடித்துவிட்டது, ஆனால் மேலே இன்னும் தண்ணீர் இருக்கிறது, கொதிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. யாரும் கிளறவில்லை. கிளறவேண்டிய ஆள் ஜன்னலில் நின்று என்னைப் பார்க்கிறார்."

எல்லாரும் திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே பெனியன் போட்ட ஒருவன், கையில் அகப்பை, வாய் திறந்தபடி.

அதிகாரி சிங்களத்தில் ஒரு கத்து கத்தினார். அகப்பைக்காரன் விழுந்தடித்து ஓடினான். துவக்கோடு நின்றவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அதிகாரி சிரிக்கவில்லை. தாளை இன்னொருதரம் மனதுக்குள் வாசித்தார். அடியில் பிடித்த பருப்பை முன்கூட்டியே யாரும் எழுதிக் கொடுத்து அனுப்பமுடியாது.

"கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். மழை வசனம் இருந்த பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். அவளுடைய பெயர், விலாசம், என்னுடையது எல்லாம் பதிந்தார். "ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இங்கே வந்து கையெழுத்து வைக்கவேண்டும், மாஸ்டர். நான் வேண்டாம் என்று சொல்லும்வரை." வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "பூக்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பூவால் யாருக்கும் கரைச்சல் இல்லை."

வெளியே தாய் பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு முதுகில் ஒன்று போட்டார். போட்ட கையாலேயே அணைத்துக்கொண்டார். என்னிடம் வந்தார்.

"சேர், உங்களுக்கு நான் நன்றி சொல்லவும் வேணும், ஏசவும் வேணும். ரெண்டையும் ஒண்டாச் செய்ய எனக்குத் தெரியா. இவள் இனிப் பள்ளிக்கு வரமாட்டாள். புள்ள உசிரோட இரிந்தாக் காணும் எனக்கு."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சொன்னது சொன்னபடி, யோகாவின் இடம் காலியாகவே இருந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். குத்திக்காட்டவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

"தம்பி, இனி என்ட மலையும் ஆறும் காணும்தானே?"

"உங்கட மலையையும் ஆத்தையும்தான் சேர் அவள் உள்ளுக்க முதல்ல எழுதினவள். அதாலதான் தொலைஞ்சு போகப் பாத்தவள்."

டையை இழுத்து இழுத்து விட்டார். "அப்ப என்ன செய்யப் போறாய்?"

"அவள்ற தாயிட்டப் போகப் போறன்."

"போய்க் காலில விழப்போறயா?"

"இல்ல சேர். கேக்கப் போறன்."

சந்தையில் வியாபாரம் ஓயும்வரை நின்றேன். அவர் என்னைக் கண்டும் காணாத மாதிரி கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவள அனுப்புங்க எண்டு கேக்க வரல்ல. ஒரு விசயம் கேக்க வந்தன். இந்த ஊரில புள்ளயள் எதப் பாத்து எழுதலாம்? எதப் பாக்கப்படா? எனக்குத் தெரியல்ல. புத்தகத்தில இல்ல."

"படிச்ச ஆள் நீங்க. என்னட்டயா கேக்கிற?"

"நீங்கதானே புள்ளய இவ்வளவு நாளும் இந்த ரோட்டால அனுப்பி எடுத்தீங்க."

தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினார். பக்கத்தில் வெங்காயம் விற்ற அக்கா காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். யோகாவின் தாய் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"ரோடு வேணாம். வட்டைப்பக்கம் வேணாம். துறையும் வேணாம், ஓடத்தில ஆரு வாற போற எண்டு எழுதப்படா. ஆக்கள்ற பேர் வேணாம்."

வெங்காயக்கார அக்கா குறுக்கிட்டார். "ஆர்ற வீட்டில ஆரு இல்ல எண்டும் எழுதப்படா."

"ஓம். அதுதான் முதல்ல."

"அப்ப என்னதான் மிச்சம்?"

"என்ன சேர் இப்பிடிக் கேக்கிறீங்க? அடுப்பு இரிக்கு. கிணறு இரிக்கு. கோழி இரிக்கு. சாப்பிடக்குள்ள ஆரு முதல்ல கைய வைக்கிற, அத எழுதட்டும். இந்தச் சந்தைய எழுதட்டும். என்னப் பாத்து எழுதட்டும், நான் ஆமியா என்ன?"

அப்படித்தான் அந்த முறை வந்தது. தலைப்பு எதுவானாலும் கொடுக்கமுன் இரண்டு மூன்று தாய்மாரிடம் சொல்லிக் கேட்பேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். எழுதினதைப் பிள்ளை வீட்டில் தமிழில் சொல்லிக்காட்டவேண்டும், பிறகுதான் கொப்பி பைக்குள் போகும். அதிபர் இதையும் முதலில் விசர் வேலை என்றார். பிறகு தாய்மார் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோவதைக் கண்டு, மலையையும் ஆற்றையும் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டார். நீங்களும் இந்த முறையை விடவேண்டாம். சண்டை ஓய்ந்தாலும் விடவேண்டாம். பூவைக் கொடுத்துத் தப்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூவில் எழுத ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்கு அடுத்த நாளே தெரிந்துவிடும்.

சந்தையில் கேட்டதற்கு அடுத்த கிழமை யோகா வந்தாள். கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னால் வகுப்பு வாசலில் தாய், இடுப்பில் கையோடு.

"சேர், இவள் என்னத்த எழுதிரிக்காள் எண்டு பாத்தீங்களா?"

வாசித்தேன். சந்தையில் ஒரு பெண் கீரை விற்கிறாள். வாடின கட்டை அடியிலும் புதுக்கட்டை மேலேயும் அடுக்கித் தண்ணீர் தெளிக்கிறாள். ஆட்கள் மேல்கட்டைப் பார்த்து விலை பேசுகிறார்கள், அவள் சிரித்துக்கொண்டே அடிக்கட்டை எடுத்துக் கொடுக்கிறாள். கைப்பிள்ளையோடு ஒருத்தி வருகிறாள். அவளுக்கு மட்டும் மேல்கட்டு. அப்போது இந்தப் பெண் சிரிக்கவில்லை.

நான் கொப்பியை மூடினேன்.

"இதில பொய் ஏதும் இரிக்காக்கா?"

"பொய் இல்ல. அதுக்கு? பெத்த தாய எழுதுறதா?"

"நீங்கதானே உங்களப் பாத்து எழுதச் சொன்ன."

"சொன்னன்தான்."

"அழிக்கச் சொல்லட்டா?"

மகளைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். யோகா தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் ஒரு கை மட்டும் மெல்ல நீண்டு கொப்பியின் மேல் போய் இருந்தது.

"வேணாம்" என்றார் தாய். "இரிக்கட்டும்."

"நல்லா இரிக்கக்கா."

"நல்லாத்தான் சேர் இரிக்கு. அதுதானே எனக்குக் கோவம்."